ஊளையிட்ட ஃபெண்டர் சேம்ப்: சரிசெய்ததைச் சரிசெய்த கதை

சரிசெய்து முடித்த கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்சைப் போட்டேன். பத்துப் பதினைந்து நொடிக்குச் சத்தமே இல்லை. உள்ளே இருக்கும் வால்வு (பழைய ரேடியோவில் வருமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) சூடேற அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதால் காத்திருந்தேன். அப்புறம் அந்த எட்டு இன்ச் ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் பதில் குரல் கொடுத்தது. கிட்டார் ஒயரை இன்னும் சொருகக்கூட இல்லை. வால்யூம் பூஜ்யத்தில்தான் இருந்தது. பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன்.

மூன்று வார உழைப்புக்குக் கிடைத்த பலன் அது.

பெட்டி என் சித்தப்பாவுடையது. சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர், எழுபதுகளின் கடைசியில் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் பழைய சாமானாக வாங்கி வந்தார். ஃபெண்டர் சேம்ப். முகப்பு வெள்ளிப் பட்டை, நீல எழுத்து. ஃபெண்டர் கம்பெனியை 1965-இல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த வெள்ளி முகப்புக் காலத்துப் பெட்டி இது. பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் எண் அச்சாகியிருக்கிறது. 606 என்றால் ஷூமாக்கர் என்ற டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனி செய்தது. அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம். என்னுடையதில் 4, 33. முகப்பு வெள்ளி என்பதால் 1964 ஆக இருக்க முடியாது, ஆகவே 1974-இன் 33-வது வாரம். என்னைவிட இரண்டு வயது இளையது.

உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கு ஏஏ764 என்று பெயர். 1964 ஜூலையில் வரைந்தது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். இதைவிட எளிய வால்வு ஆம்ப் கிடைப்பது கஷ்டம். சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரே ஒரு 6வி6, ஏசியை டிசி ஆக்க ஒரு 5ஒய்3. மொத்தம் மூன்று வால்வு, ஐந்தாறு வாட். பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அந்தத் தைரியத்தில்தான் நானும் கை வைத்தேன்.

என் கைக்கு வரும்போது அதில் சத்தம் இல்லை, விளக்கு மட்டும் எரிந்தது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில், அதாவது வால்வு பக்கச் சுருளில், மீட்டரை வைத்தால் தொடர்பே காட்டவில்லை. சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. இதோடு, டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர் டப்பாவின் அடியில் பிசின் போல ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. 6வி6-இன் கேதோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) இருக்கும் 470 ஓம் ரெசிஸ்டர் கருகி, 560-க்குப் போயிருந்தது. இன்னொரு 47 ஓம் ரெசிஸ்டர் 61 காட்டியது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக இப்படித்தான் மேலே ஏறும். பவர் ஒயரின் மூன்றாவது முள்ளை யாரோ புண்ணியவான் வெட்டியிருந்தார். எர்த் இல்லாத இரும்புச் சேஸிஸ், அதோடு தொடர்புள்ள கிட்டார் கம்பிகள், அதைத் தொடும் விரல்கள். அதை மாற்றாமல் வேறெதையும் தொடுவதில்லை என்று முதலில் ஒயரைத்தான் மாற்றினேன்.

டிரான்ஸ்ஃபார்மர் கதை தனி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பெட்டியின் விலைக்கு அனுப்பும் கூலி வந்து நிற்கிறது. சரி, இங்கேயே சுற்றிவிடலாம் என்று ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவர் ஒருவரிடம் போனேன். பிரைமரியில் 8000 ஓம், ஸ்பீக்கர் பக்கம் 4 ஓம். இரண்டுக்கும் விகிதம் 2000, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 45. அதாவது ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்று என்றால் வால்வு பக்கம் 45 சுற்று. அவருக்கு அது சுலபமாகப் புரிந்தது. ஸ்டாம்பிங், அதாவது ஈ, ஐ எழுத்து வடிவ இரும்புத் தகடுகளை, அடுக்குவதில்தான் சிக்கல் வந்தது.

“மாத்தி மாத்தித்தானே சார் அடுக்கணும்?”

“இதுல அப்படி வேண்டாம்ணே. ஒரே வால்வு. பிரைமரியில எப்பவும் டிசி ஓடிக்கிட்டே இருக்கும். இரும்பு காந்தத்துல நிரம்பிடும்.”

கொஞ்சம் யோசித்தார். “அப்போ ட்யூப்லைட் சோக் மாதிரி. ஈ ஒரு பக்கம், ஐ ஒரு பக்கம், நடுவுல பேப்பர். முதல்லயே சொல்லியிருக்கலாமே.”

அவ்வளவுதான். நான் பத்து நிமிடம் விளக்க நினைத்திருந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். நாலு நாளில் அழகாகச் சுற்றி வார்னிஷில் முக்கித் தந்தார். பிரைமரியின் இரண்டு முனைக்கும் ஒரே மஞ்சள் ஸ்லீவ் போட்டிருந்தார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். புது டிரான்ஸ்ஃபார்மர், டேக் ஸ்டிரிப்பில் புது ஃபில்டர் கண்டன்சர்கள், கேதோடு கண்டன்சர், இரண்டு ரெசிஸ்டர், டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கண்டன்சர். இடையில் ஒரு தடவைகூட ஆன் செய்து பார்க்கவில்லை. செய்த தப்புகளில் பெரியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு வேலை, ஒரு சோதனை என்று போயிருந்தால் இந்தப் பதிவு நாலு பத்தியில் முடிந்திருக்கும்.

முழுக் குருட்டுத்தனமும் இல்லை, சீரீஸ் லாம்ப் போட்டுத்தான் ஆன் செய்தேன். 230 வோல்ட் லைனில் ஒரு 100 வாட் குண்டு பல்பு, அதற்கப்புறம் 110 வோல்ட் ஸ்டெப் டவுன், அதற்கப்புறம் ஆம்ப். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், பெட்டி பிழைக்கும். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது, பழைய டங்ஸ்டன் பல்புதான் வேண்டும். வால்வுகள் இல்லாமல் போட்டபோது பல்பு லேசாகச் சிவந்தது. வால்வுகளைச் சொருகிப் போட்டபோது பாதி வெளிச்சத்துக்கு வந்து அப்படியே நின்றது. வால்வு ஆம்ப்தானே, கரண்ட் கொஞ்சம் குடிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பல்பைக் கழற்றிவிட்டேன். பல்பு சரியாகத்தான் எச்சரித்தது. கேட்கத்தான் ஆளில்லை.

இனி ஊளைக்கு வருவோம்.

வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் கத்தியது என்பதே பெரிய துப்பு. சேம்பில் சிக்னல் 12ஏஎக்ஸ்7-இன் முதல் பாதியைத் தாண்டி, டோன், வால்யூம் வழியாக இரண்டாம் பாதிக்குப் போகிறது, அங்கிருந்து 6வி6-க்கு. வால்யூமை முழுக்க மூடினால் அதற்கு முன்னால் நடப்பது எதுவும் பின்னால் வராது. ஆக, இன்புட் ஜாக்கும் முதல் பாதியும் நிரபராதிகள். கத்துவது வால்யூமுக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்று.

அங்கே சுற்றிச் சுற்றி வரும் பாதை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிக்னலில் கொஞ்சம் 12ஏஎக்ஸ்7-இன் இரண்டாம் பாதிக்குத் திரும்பி வருகிறது. அதன் கேதோடுக்கு அடியில் இருக்கும் 47 ஓமில் வந்து சேர்கிறது. நெகட்டிவ் ஃபீட்பேக். திரும்பி வருவது தலைகீழாக வந்து, அசலைக் கொஞ்சம் அடக்கி, சத்தத்தைச் சீராக்க வேண்டும். அது நேராக வந்தால்? அடக்குவதற்குப் பதிலாக ஏற்றிவிடும். ஏறியது இன்னும் ஏற்றும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோன கதைதான்.

மஞ்சள் ஸ்லீவ் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஃபெண்டரின் அசல் டிரான்ஸ்ஃபார்மரில் நீல ஒயர் வால்வின் பிளேட்டுக்கு (எலக்ட்ரான் போய்ச் சேரும் தகடு), சிவப்பு ஹை வோல்டேஜுக்கு. என்னுடையதில் இரண்டும் மஞ்சள். பூவா தலையா போட்டதில் தலை விழுந்துவிட்டது.

ஊகத்தை உறுதிசெய்வது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் குரோக்கடைல் கிளிப் வைத்த என் கருவியால் ஃபில்டர் கண்டன்சரில் தங்கிய மின்சாரத்தை வடித்தேன். மீட்டரில் 5 வோல்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும். இந்தப் பெட்டிக்குள் 300 வோல்டுக்கு மேல் டிசி இருக்கிறது, அணைத்த பின்பும் தங்கியிருக்கும். இதில் அவசரம் கூடவே கூடாது. அப்புறம் அந்த 2.7 கிலோவின் ஒரு காலை மட்டும் தூக்கிவிட்டு ஆன் செய்தேன். ஊளை இல்லை. மறுபடி அணைத்து, வடித்து, பிளேட் முனையையும் சப்ளை முனையையும் இடம் மாற்றி, தூக்கிய காலைப் பழையபடி வைத்தேன். ஊளை போய்விட்டது.

கிட்டாரைச் சொருகினேன். சத்தம் வந்தது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி. வால்யூமை 8-இல் வைத்தாலும் வீட்டில் பேசிக்கொண்டிருப்பவர்கள் குரலைக் கூட்ட வேண்டியதில்லை. சந்தேகப்பட்டு 2.7 கிலோவின் காலை மறுபடி தூக்கினால் காது கிழிகிற மாதிரி சத்தம். ஃபீட்பேக்கை எடுத்தால் சத்தம் கூடும், தெரியும். ஆனால் சேம்பில் இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது. ஏதோ பல மடங்கு அதிகமாகத் திரும்பி வருகிறது.

மாலை ஆகிவிட்டது. வால்வு எரியும் அழகைப் பார்க்கலாமே என்று அறை விளக்கை அணைத்தேன். 12ஏஎக்ஸ்7 அடக்கமாக ஆரஞ்சாக இருந்தது. 6வி6-இல் ஃபிலமென்ட் மட்டுமல்ல, சாம்பல் நிறத் தகடே நடுவில் மங்கலான செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் கண்ணில் படவேயில்லை. பிளேட் சிவக்கிறதென்றால் வால்வு தன் சக்திக்கு மேல் கரண்டை விழுங்குகிறது என்று பொருள். அப்படியே விட்டால் வால்வு போகும், கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் போகும். அணைத்தேன்.

ஆறவிட்டு, மீட்டரைக் கிளிப்போடு முன்கூட்டியே மாட்டி, ஒவ்வொன்றாக அரை நிமிடம் மட்டும் ஆன் செய்து அளந்தேன். சிக்னல் நுழையும் கிரிட், அதாவது 5-வது பின், 0 வோல்ட். கப்ளிங் கண்டன்சர் கசிந்திருந்தால் அங்கே பாசிட்டிவ் வோல்டேஜ் வந்திருக்கும். ஆக, அது குற்றமற்றது. பிளேட் 265 வோல்ட். 320-க்கு மேல் இருக்க வேண்டியது இவ்வளவு இறங்கிக் கிடக்கிறது. கேதோடு, 8-வது பின், 4.2 வோல்ட்.

கணக்குப் போட்டேன். 4.2-ஐ 470-ஆல் வகுத்தால் 8.9 மில்லி ஆம்பியர். 265 வோல்டில் அது இரண்டரை வாட்கூட இல்லை. 12 வாட் தாங்கும் வால்வு இரண்டரை வாட்டில் சிவக்குமா? மறுபடி அளந்தேன், அதே 4.2. மீட்டரின் பேட்டரியை மாற்றினேன், அதே 4.2. வால்வுதான் பழுது என்று முடிவுகட்டி, புது 6வி6-க்குப் பணம் கட்டும் நிலைக்கு வந்துவிட்டேன். அசடு வழிகிறது என்று தெரிந்தே எழுதுகிறேன்: ஒரு மணி நேரம் நான் வகுத்துக்கொண்டிருந்த அந்த 470, சர்க்யூட் படத்தில் இருந்த 470. போர்டில் இருப்பதை நான் அளக்கவேயில்லை.

பத்தாவது படிக்கும் என் மகள் என்னவோ கேட்க வந்தவள், டார்ச்சைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தபடியே குனிந்து பார்த்தாள்.

“அப்பா, இந்த ரெண்டு நீலமும் ஒண்ணா?”

“ஒண்ணு 470, ஒண்ணு 47.”

“எது 470?”

“அதோ, பெரிய வால்வுகிட்ட இருக்கே அது.”

“அதுல மஞ்சள், வயலட், கறுப்பு, அப்புறம் தங்கக் கலர். இன்னொண்ணுலதான் கறுப்பு ரெண்டு இருக்கு.”

கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பழைய கார்பன் ரெசிஸ்டரில் வித்தியாசம் தெளிவு. மஞ்சள், வயலட், பிரவுன் என்றால் 470. மஞ்சள், வயலட், கறுப்பு என்றால் 47. சென்னை ரிச்சி தெருவில் நான் வாங்கியது ஐந்து கோடு போட்ட மெட்டல் ஃபிலிம். மஞ்சள், வயலட், கறுப்பு வரை இரண்டும் ஒன்றுதான். நாலாவது கோடு கறுப்பென்றால் 470, தங்கமென்றால் 47. நீல உடம்பில் மெல்லிசாக ஒரு தங்கக் கோடு, ஐம்பதைத் தாண்டிய என் கண்ணுக்கு அது பிரவுனா, பித்தளையா, ஒன்றும் புரியவில்லை. அசலில் ஒன்று 1 வாட், மற்றது அரை வாட் என்பதால் உருவத்திலேயே வித்தியாசம் இருக்கும். நானோ இருக்கட்டும் என்று இரண்டையும் 1 வாட்டாக வாங்கி, அந்த அடையாளத்தையும் அழித்திருந்தேன்.

பவரை அணைத்து ஓம் மீட்டரை வைத்தேன். 6வி6-இன் கேதோடில் 47.1. ஃபீட்பேக் இடத்தில் நானூற்றுச் சொச்சம். இடம் மாறிப் போட்டிருக்கிறேன்.

இப்போது எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றன. 4.2-ஐ 47-ஆல் வகுத்தால் 89 மில்லி ஆம்பியர். 265 வோல்டில் அது 23 வாட். 12 வாட் வால்வில் இரு மடங்கு. சிவக்காமல் என்ன செய்யும்? பல்பு பாதியில் நின்றதும் இதனால்தான். இன்னொரு பக்கம், ஃபீட்பேக் இடத்தில் 2.7 கிலோவோடு 47 சேர்ந்தால் ஸ்பீக்கர் சிக்னலில் 1.7 சதவீதம் திரும்பி வரும். 470 சேர்ந்தால் 15 சதவீதத்துக்குப் பக்கம். முனை மாறியிருந்தபோது அவ்வளவு வெறியோடு ஊளையிட்டதும், முனையைச் சரிசெய்தபின் போர்வைக்குள் முனகியதும் அந்த 15 சதவீதத்தின் வேலை. இரண்டு வேறு நோய் என்று நான் நினைத்தது ஒரே கைத்தவறு. டிரான்ஸ்ஃபார்மர் முனை மாறியது அதன்மேல் வந்து உட்கார்ந்த இன்னொரு தவறு. பெட்டி ஐம்பது வருடத்தில் தானாகச் செய்துகொண்ட கோளாறு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை என் சால்டரிங் அயன் தொட்ட இடங்கள்.

மாற்றிப் போட்டேன். சீரீஸ் லாம்பை மறுபடி மாட்டி ஆன் செய்தால் பல்பு மங்கலாகவே இருந்தது. பல்பை எடுத்துவிட்டு அளந்ததில் பிளேட் 328, கேதோடு 18.6. வகுத்தால் 39.6 மில்லி. கேதோடு வோல்டேஜைக் கழித்துப் பெருக்கினால் 12 வாட்டுக்குச் சற்று மேல். அதில் ஸ்கிரீன் என்ற இன்னொரு முனை எடுத்துக்கொள்வதையும் கழித்தால் வரம்புக்குள் வந்துவிடுகிறது. சேம்ப் எப்போதும் 6வி6-ஐ விளிம்பில் வைத்து ஓட்டும் ரகம்தான். விளக்கை அணைத்துப் பார்த்தேன். தகடு சாம்பலாகவே இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரு ஹம். ஒற்றை வால்வு ஆம்பில் லேசான உறுமல் இருக்கத்தான் செய்யும், ஆனால் இது அதற்கு மேல். 12ஏஎக்ஸ்7-ஐப் பிடுங்கிப் பார்த்தேன், ஹம் குறையவில்லை. அப்படியென்றால் சப்ளை பக்கம். ஒரு ஐஸ் குச்சியால் டேக் ஸ்டிரிப்பைத் தட்டிக்கொண்டே போனேன். எர்த் பாயின்ட்டில் தட்டியபோது ஹம் கரகரவென்று கூடிக் குறைந்தது. 25 வாட் அயனை வைத்துக்கொண்டு இரும்புச் சேஸிஸில் ஈயம் பற்றவைத்திருந்தேன். சேஸிஸ் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ள, ஈயம் மேலே பிசுக்காக ஒட்டியிருந்ததே தவிர உள்ளே பிடிக்கவில்லை. பவர் அணைத்து அளந்தால் கண்டன்சரின் நெகட்டிவுக்கும் சேஸிஸுக்கும் நடுவே 3.4 ஓம், தொட்டால் மாறுகிறது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, சும்மா கிடந்த ஒரு துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷரும் போல்ட்டும் போட்டு, ரிங் லக்கில் ஒயரைப் பற்றவைத்தேன். 0.1 ஓம். இப்போது ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தால்தான் உறுமல் கேட்கிறது.

வால்யூம் 3 வரை சத்தம் தெளிவாக, மணி மாதிரி இருக்கிறது. 6-ஐத் தாண்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு கத்த ஆரம்பிக்கிறது. அதற்காகத்தான் இதைத் தேடி அலைகிறார்கள். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகவே சூடாகும். 110 வோல்டில் ஓட்டுவது அந்த வகையில் நல்லதுதான், ஃபிலமென்ட்டில் 6.3-க்குப் பதில் 5.9 வருகிறது, பரவாயில்லை.

டோன் குமிழைத் திருப்பினால் இன்னும் கரகரக்கிறது. ஸ்ப்ரே வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு மஞ்சள் ஸ்லீவில் நீல நெய்ல் பாலிஷ் தடவியாகிவிட்டது. பாலிஷ் மகளுடையது. மிச்ச ரெசிஸ்டர்களை இரண்டு கவரில் பிரித்துப் போட்டு, மார்க்கரால் எண்களைக் கட்டை விரல் அளவுக்கு எழுதி வைத்ததும் அவள்தான்.